பேன் கிளட்ச்: மாற்றுவதா, ஆயில் ஊற்றுவதா?

கேள்வி: என்னிடம் 2003 மாடல் குவாலிஸ் இருக்கிறது. பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டெம்பரேச்சர் முள் அசைவதே இல்லை. டவுனுக்குள் ஏ.சி. போட்டபடி டிராஃபிக்கில் நின்றாலோ, கொல்லிமலை ஏறினாலோ முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் போகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று. தெர்மோஸ்டாட்டையும் மெக்கானிக் எடுத்துவிட்டார். இப்போது “பேன் கிளட்ச் போயிடுச்சு” என்கிறார். எனக்கு ஓரளவு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். வீட்டிலேயே மாற்ற முடியுமா? உள்ளே ஆயில் ஊற்றினாலே சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரி. முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். பேனுக்கு வேலை குறைவு. சிக்னலில் நிற்கும்போதும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் முக்கி ஏறும்போதும் காற்றை இழுத்துத் தர பேனை விட்டால் வேறு ஆளில்லை. அந்த இரண்டு இடத்தில் மட்டும் சூடேறினால் சந்தேகம் பேன் மேல்தான் விழ வேண்டும். பைபாஸில் சூடேறி டவுனில் அடங்கினால் ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம். எங்கே போனாலும் சூடேறி, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

எடுத்த தெர்மோஸ்டாட்டை முதலில் திரும்பப் போடுங்கள். நம் ஊரில் வண்டி சூடேறினால் உடனே அதைக் கழற்றி எறிவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பல டொயோட்டா இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடிப்பக்கம் பைபாஸ் வழியை மூடும். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டிவிடும்.

இனி கிளட்ச். இன்ஜின் சுற்றும்போது பேன் எப்போதும் அதே வேகத்தில் சுற்றத் தேவையில்லை. தேவைப்படும்போது மட்டும் அதை இன்ஜினோடு இறுகப் பிணைப்பதுதான் பேன் கிளட்சின் வேலை. அதன் முன்முகத்தில், ரேடியேட்டரைப் பார்த்தபடி, கடிகார ஸ்பிரிங் போல ஒரு சுருள் இருக்கும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பைமெட்டல் அது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானதும் சுருள் விரிந்து, உள்ளே ஒரு சிறிய வால்வைத் திருப்பும். வழி திறந்ததும் தேன் பதத்தில் இருக்கும் சிலிக்கான் ஆயில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பாயும். அங்கே வட்ட வட்டமான பள்ளங்களும் மேடுகளும் ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் செருகி நிற்கின்றன. இடைவெளியில் ஆயில் நிரம்பியதும், அந்த ஆயிலின் இழுப்பில் பேன் வேகம் பிடிக்கும். காற்று குளிர்ந்தால் வால்வு மூடும், ஆயில் பழைய அறைக்குத் திரும்பும், பேன் தளர்ந்து ஓடும். மின்சாரமும் இல்லை, சென்சாரும் இல்லை.

சுருள் அளப்பது காற்றின் சூட்டை, தண்ணீரின் சூட்டை அல்ல. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் காற்று ஒழுங்காக வராது. கிளட்ச் நன்றாக இருந்தும் இன்ஜின் கொதிக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். உள்பக்கம் மட்டுமா, இந்த இடுக்கையும் சேர்த்தா என்று கேட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் மூடி, பெல்ட் இறுக்கம், கூலன்ட் அளவு மூன்றையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

கிளட்சை வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் பேன் ஒன்றிரண்டு நிமிடம் ‘ஹோ’வென்று இரைந்து, பிறகு அடங்க வேண்டும். இரவில் ஆயில் வழிந்து வேலை அறைக்குள் இறங்கியிருப்பதால் வரும் சத்தம் இது, நல்ல அறிகுறி. அடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேனைக் கையால் சுண்டுங்கள். ஒரு சுற்றுக்குள் நின்றால் நல்லது. மூன்று நான்கு சுற்று தானாக ஓடினால் உள்ளே பிடிப்பு இல்லை. எப்போதும் இரைந்துகொண்டே இருந்தால் அது இறுகிப்போன கிளட்ச். இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தெளிவாக ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. நடுவிலிருந்து வெளியே தெறித்தாற்போல கறுப்பு எண்ணெய்க் கோடுகளும், அதில் அப்பிய புழுதியும் தெரிந்தால் ஆயில் கசிந்திருக்கிறது. ஓடும் பேனில் சுருட்டிய பேப்பரை நீட்டி நிறுத்திக் காட்டுவார்கள் சிலர். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். விரல் போன கைகள் நம் பட்டறைகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

மாற்றும் வேலைக்கு வருவோம். வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒரு தடித்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ரேடியேட்டருக்கும் பேனுக்கும் நடுவில் இறக்கிவிடுங்கள். ஸ்பானர் ஒரு முறை நழுவினால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும். அந்த அட்டை காப்பாற்றும். வாட்டர் பம்ப் புல்லியில் கிளட்சைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளை, பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே முதலில் தளர்த்துங்கள். பெல்ட்டைத் தளர்த்திவிட்டால் நட்டோடு புல்லியும் சேர்ந்து சுற்றும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். நட் தளர்ந்த பிறகு பெல்ட்டைத் தளர்த்தி, ஷ்ரவுடின் போல்ட்டுகளை எடுத்து, பேனையும் ஷ்ரவுடையும் சேர்த்து மேலே தூக்குங்கள். மேல் ஹோஸ் குறுக்கே வந்தால் கொஞ்சம் கூலன்ட்டை இறக்கி ஹோஸைக் கழற்ற வேண்டியிருக்கும். சில வேறு கம்பெனி வண்டிகளில் நான்கு நட்டுக்குப் பதில் பம்ப் தண்டிலேயே ஒற்றைப் பெரிய நட் இருக்கும். பெரும்பாலும் பேன் சுற்றும் திசையிலேயே திருப்பினால் அது கழலும். எதிர்த்திசையில் பலம் கொண்ட மட்டும் திருகிப் பம்பை உடைத்துவிட வேண்டாம்.

கிளட்சை எடுத்ததும், கழற்றியதோ புதியதோ, வண்டியில் இருந்த நிலையிலேயே நிறுத்தி வையுங்கள். தட்டாகப் படுக்கப் போட்டால் ஆயில் பேரிங் வழியாக வெளியேறலாம். கை எட்டும்போதே வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பம்ப் அடியில் உள்ள சிறிய துளையில் கூலன்ட் வழிந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். ஆட்டம் உள்ள கிளட்ச் பம்பைக் கெடுக்கும், ஆட்டம் உள்ள பம்ப் புதுக் கிளட்சைக் கெடுக்கும். பேன் இறக்கைகளின் அடிவேரில் கீறல் இருந்தால் பேனும் புதிது வேண்டும். மாட்டும்போது பேனின் முன்பக்கம் பின்பக்கம் மாறக் கூடாது. தலைகீழாக மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் பாதிக்குப் பாதி குறைந்துவிடும். காரணம் புரியாமல் அலைவீர்கள். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக இறுக்கி, பெல்ட்டையும் சரிசெய்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி இறக்கை ஷ்ரவுடில் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆயில் ஊற்றும் விஷயம் உண்மைதான், ஆனால் எல்லாக் கிளட்சுக்கும் அல்ல. முன்மூடியை விளிம்பில் மடித்து அடைத்திருந்தால் அதைத் திறக்க முடியாது, புதிதுதான். டொயோட்டா வண்டிகளில் வரும் ஐசின் கிளட்சுகள் பலவற்றில் இரண்டு பாதிகளும் ஸ்க்ரூவில் நிற்கும். அப்படி இருந்து, பேரிங்கில் ஆட்டமோ கரகரப்போ இல்லாவிட்டால் தாராளமாகச் செய்யலாம். டொயோட்டாவே இதற்கென்று சிலிக்கான் ஆயிலை 18 மில்லி டியூபில் விற்கிறது. 3,000 சென்டிஸ்டோக், 10,000 சென்டிஸ்டோக் என்று அடர்த்தி வாரியாகக் கிடைக்கும். எண் கூடக் கூட இழுப்பு கூடும். உங்கள் மாடலுக்குரிய எண்ணை டீலரிடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பாதியின் மேலும் ஒரே கோடாகக் கீறி அடையாளம் வைத்துவிட்டுத் திறங்கள். இடம் மாறினால் பேலன்ஸ் போய்விடும். ஸ்க்ரூ தலை எளிதில் மழுங்கும், அளவு சரியான இம்பேக்ட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சுருளைக் கை தவறியும் வளைக்காதீர்கள். பழைய ஆயிலை ஓர் இரவு வடியவிட்டு, பிரேக் கிளீனரால் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். விளிம்பில் உள்ள ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஆயிலை ஒரு டியூபில் தொடங்குங்கள். அது மெதுவாகத்தான் துளைக்குள் இறங்கும், காத்திருக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டு அதிகமாக ஊற்றினால் பேன் ஓயாமல் இரையும், டீசலும் போகும். மாட்டிய மறுநாள் காலையில் பேன் இரைந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அளவு சரி. வண்டி சூடான பிறகும் பிடிப்பு போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். இன்ஜின் ஆயில், கியர் ஆயில் எதுவும் உள்ளே போகக் கூடாது. அவை சூட்டில் நீர்த்துவிடும். சூட்டிலும் அடர்த்தியை அதிகம் இழக்காதது சிலிக்கான் ஆயில்தான்.

என் கருத்தைக் கேட்டால், 2003 வண்டியில் இன்னும் பழைய கிளட்சே இருக்குமானால் புதிதாகப் போடுங்கள். பேரிங்கின் வயதை ஆயில் குறைக்காது.

கேள்வி: என் டூரிஸ்ட் வேனுக்குப் புது கிளட்ச் வாங்க வேண்டாம், வெல்டு வைத்து ‘டைரக்ட்’ ஆக்கிவிடலாம், அதன் பிறகு சூடே ஏறாது என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா? – வாசகர், தென்காசி

பதில்: கூடாது. சூடேறாது என்பது உண்மையாகவே இருக்கலாம், அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரிது. பேன் சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் அது இன்ஜினிடமிருந்து பிடுங்கும் சக்தி எட்டு மடங்காகும். பைபாஸில் எதிர்க்காற்றே போதும் என்கிற நேரத்திலும் அந்தப் பேன் உங்கள் டீசலைத் தின்றுகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் ஆபத்து. இன்ஜின் வேகம் ஏறும்போது பேன் ஓர் அளவுக்கு மேல் போகாமல் நழுவவிடுவதும் கிளட்சின் வேலைதான். வெல்டு வைத்த பிறகு அந்தத் தடை இல்லை. வயதான பிளாஸ்டிக் இறக்கை அந்த வேகத்தில் உடைந்தால் ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு போகும். பானெட்டைத் திறந்து வைத்து ஆக்சிலேட்டரை முடுக்கிக் காட்டும் நேரமாக இருந்தால் நின்று பார்ப்பவரின் முகத்தையும் கிழிக்கும். ஆட்களை ஏற்றி ஓட்டுகிற வண்டி அது. நடுவழியில் கிளட்ச் போய், ஊர் வந்து சேர வேறு வழியே இல்லை என்றால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, நின்று நின்று ஓட்டி வாருங்கள். வெல்டிங் வேண்டாம்.

கேள்வி: பேன் கிளட்சைத் தூக்கிவிட்டு எலக்ட்ரிக் பேன் போட்டால்? – வாசகர், ஈரோடு

பதில்: சரியான அளவு பேன், முழு ஷ்ரவுட், தனி ரிலே, தடித்த வயர், அந்தச் சுமையைத் தாங்கும் ஆல்டர்னேட்டர் எல்லாம் சேர்ந்தால் ஓடும். அவ்வளவு செலவில் நல்ல கிளட்சே வாங்கிவிடலாம். மலைப்பாதையில் ஒரு ஃபியூஸ் போனாலும் இன்ஜின் போய்விடும். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய பேன் கிளட்ச் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், திருவள்ளூர்

பதில்: புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ் வரை நம்பி வாங்கலாம், பார்த்து எடுக்கத் தெரிந்தால். பேன் கிளட்ச் அந்த வகையில்லை. குவியலில் எந்தப் பக்கமாகக் கிடந்தது, எத்தனை மாதம் கிடந்தது, உள்ளே ஆயில் மிச்சம் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கையால் சுற்றிப் பார்த்து இறுக்கமாக இருக்கிறதே என்று எடுத்து வந்தால், அது துருப்பிடித்த பேரிங்கின் இறுக்கமாகவும் இருக்கலாம். திறந்து பார்க்கக்கூடிய ஸ்க்ரூ வகையாக இருந்து, ஆயில் மாற்ற நீங்களே தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் பெட்டி பிரிக்காத புதுக் கிளட்சாகக் கேளுங்கள். கடையில் அது நிமிர்ந்து நின்றிருந்ததா என்றும் பார்த்து வாங்குங்கள்.