92 என்று பதியும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பி.எல்.எஃப்.எஸ். என்கிற தொழிலாளர் கணக்கெடுப்பில் சேர்ந்து, டேப்லெட்டும் கையுமாக ஊர் ஊராய்க் கிளம்பிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். எங்கள் காலத்தில் காகித ஷெட்யூல். மற்றபடி வாசலில் நடப்பது அதேதான்.

நீ போகிற நேரத்தில் திண்ணையில் இருப்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். "வீட்டம்மா என்ன செய்யறாங்க?" என்று கேட்பாய். "அவ வீட்லதான் இருக்கா" என்பார். உன் விரல் குறியீடு 92-க்குப் போகும்: வீட்டு வேலை மட்டும். போக விடாதே. "மாட்டுக்குத் தீவனம் யார் வைக்கிறது? பால் கறக்கிறது யாரு? சொசைட்டியில ஊத்தறது?" என்று கேள். பாஸ் புத்தகம் அவர் பெயரில் இருக்கும். வேலை முழுக்க அந்தம்மாவுடையதாக இருக்கும். அப்படியானால் 21, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். மாட்டை வாங்குவதும் விற்பதும் அந்தம்மாவின் முடிவுதான் என்றால் 11, அதாவது சொந்தத் தொழில் என்றுகூட ஆகலாம். முடிந்தவரை அந்தம்மாவிடமே கேட்டு வாங்கு.

விதிமுறையின் எல்லைக்கோடு சில இடங்களில் உனக்கு எரிச்சலூட்டும். கறந்த பால் முழுக்க வீட்டுக்கே போனாலும் மாடு வளர்ப்பது பொருளாதார வேலைதான். அதே மாட்டின் சாணியில் தட்டிய வறட்டி சொந்த அடுப்புக்குப் போனால் கணக்கில் வராது, வீட்டு வேலையோடு வீட்டுத் தேவைக்கான வேலையும் என்ற 93-இல் நின்றுவிடும். தெருவில் நாலு பேருக்கு விற்றால் வந்துவிடும். இந்தக் கோட்டைப் போட்டவர்கள் வறட்டி தட்டியவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். ஆனாலும் கோபத்தைக் குறியீட்டில் காட்டாதே. ஒவ்வொருவரும் தன் நியாயப்படி பதிந்தால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவே முடியாது.

ஆண்டில் பெரும்பகுதி வீட்டு வேலை செய்தவரும், 30 நாளாவது வேறு வேலை பார்த்திருந்தால் துணை நிலையில் தொழிலாளர்தான். "வருஷத்துல எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?" என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நடவுக்குப் போனீர்களா, களை எடுக்க, அறுப்புக்கு, தீபாவளிக்கு முன்னால் தையல் என்று மாதம் மாதமாக இறங்கு, வரும்.

இவ்வளவு ஏன் என்றால், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. பொருளாதாரம் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு அவசரமில்லை. அதே காலத்தில் வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் பங்கு 51.9இலிருந்து 67.4 ஆனது, மாதச் சம்பளக்காரர்கள் 21இலிருந்து 15.9க்கு இறங்கினார்கள். வருமானம் படுத்த வீட்டில் பெண் வயலில் இறங்கினாலும் அந்த எண் ஏறும். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் ஏறினாலும் ஏறும். உன்னைப் போன்ற ஒருவர் கூடுதலாக நாலு கேள்வி கேட்டாலும் ஏறும்.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. 2023இல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்காவின் பழைய பதிவேடுகளைத் துருவியபோது, பெண்ணின் தொழில் என்ற இடத்தில் பல நேரம் 'மனைவி' என்றே எழுதியிருந்தார்கள். அவர் திருத்திக் கணக்கிட்டதில், 1890களின் இறுதியில் மணமான பெண்களின் வேலைப் பங்கேற்பு சென்சஸ் காட்டியதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கேயும் யாரோ ஒருவர் வாசலில் நின்று அவசரப்பட்டிருக்கிறார்.

சுயதொழில் என்றதும் கடை வைத்திருக்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளாதே. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் உன்னை அனுப்பினால் பீடி சுற்றும் பெண்களைப் பார்ப்பாய். இலையும் தூளும் கொடுப்பது கம்பெனியின் ஆள், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி போடுவதும் அவர். ஆனால் வீட்டிலிருந்து செய்வதால் நம் கணக்கில் அவர்கள் சுயதொழில். அங்கே மாமியார் பெயரில் அட்டை இருக்கும், மருமகளும் படிக்கிற பேத்தியும் சேர்ந்து சுற்றுவார்கள். பேத்திக்கு முதன்மை நிலை 91, படிக்கிறவர், என்று போட்டதும் அடுத்த ஆளுக்குத் தாவிவிடாதே; துணை நிலையையும் கேள். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்கும் நேரத்தில் மட்டும் போகாதே, கணக்குத் தீரும்வரை யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தட்டு மடியில் இருக்கும்போது போ, சுற்றிக்கொண்டே பேசுவார்கள்.

அன்புடன்,
அக்கா