ஆசாரிய ராயின் ஆராய்ச்சிக் குழுவினர்: அவர்கள் கற்று வந்த வழி

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தகுதியை அளக்க முற்படுவோர் அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகளையும் அங்குக் கண்டறியப்பட்ட பொருள்களையும் கணக்கிடுவது வழக்கம். அக்கூடத்தில் பணியாற்றியோர் எங்குப் பயின்றனர், எவ்வெப் பாடங்களைக் கற்றனர், எப்பட்டத்துடன் உள்ளே நுழைந்தனர் என்பவற்றை ஆராய்வோர் மிகச் சிலரே. கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராயைச் சுற்றி வளர்ந்த இரசாயனக் குழுவைப் பொறுத்தவரை, இக்கேள்வி மிகுந்த பயன் தருவதாகும். இந்தியருக்கு ஆராய்ச்சி செய்யும் ஆற்றல் உண்டா என்ற ஐயம் அரசாங்க வட்டாரங்களிலேயே நிலவிய காலத்தில் அக்குழு உருவாயிற்று. எப்பட்டம் பெற்றவர் எப்பதவிக்கு உரியவர் என்பது அக்காலத்தில் ஒருவரின் வாழ்க்கையையே தீர்மானித்தது.

குழுவின் தலைவர் கற்ற கல்வியே நேரான பாதையில் அமைந்ததன்று. 1861-ஆம் ஆண்டில், இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்த குல்னா மாவட்டத்து ராருலி கிராமத்தில் ராய் பிறந்தார். கல்கத்தாவில் ஹேர் பள்ளியில் பயிலுங்கால் கடும் சீதபேதி கண்டு படிப்பை நிறுத்தினார். நோயில் கிடந்த காலத்தில் தாமே நூல்களைத் தேடிப் படித்தார். பின்னர் ஆல்பர்ட் பள்ளியிலும், ஈசுவர சந்திர வித்தியாசாகரின் மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் சேர்ந்தார். அக்கல்லூரியில் இலக்கியக் கல்விக்குக் குறைவில்லை. இரசாயனம் கற்பிக்க வசதி இல்லை. ஆகவே அவர் பிரசிடென்சி கல்லூரிக்குச் சென்று, வெளிமாணாக்கராக அலெக்சாண்டர் பெட்லரின் விரிவுரைகளைக் கேட்டு வந்தார். பெட்லர் மேடையில் செய்துகாட்டிய சோதனைகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. நண்பர் ஒருவருடன் சேர்ந்து தங்கும் அறையிலேயே அவற்றைச் செய்து பார்க்கலானார். தகரத்தாலான வாயு ஊதுகுழல் ஒன்று ஒருமுறை வெடித்தும் காயமின்றித் தப்பினார்.

1882-இல் கில்கிறிஸ்ட் உதவிச்சம்பளம் பெற்று எடின்பரோ சென்ற ராய், அலெக்சாண்டர் கிரம் பிரவுனிடம் பயின்று, 1887-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். செம்பு, மக்னீசியம் ஆகிய உலோகங்களின் வகையைச் சேர்ந்த இரட்டைச் சல்பேட்டுகளைப் பற்றியது அவரது ஆய்வு. 1888-இல் தாயகம் திரும்பியவருக்கு ஓராண்டு வரை வேலை கிட்டவில்லை. 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மேல்நிலைக் கல்விப் பணி பெரும்பாலும் ஐரோப்பியருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தியரோ, ஐரோப்பியப் பட்டத்துடன் வந்தாலும் மாகாணப் பணியின் படியிலேயே நிறுத்தப்பட்டனர். வெளிநாட்டுப் பட்டம் மட்டும் போதும் என்ற எண்ணம் எவருக்கேனும் இருந்திருப்பின், ராயின் முதல் நியமனம் அதைப் போக்கியிருக்கும்.

1896-இல் அவர் வெளியிட்ட மெர்க்குரஸ் நைட்ரைட்டு பற்றிய ஆய்வே குழுவுக்கு வித்தாயிற்று. நீர்த்த நைட்ரிக் அமிலம் மிகுதியான பாதரசத்தின்மீது குளிர்நிலையில் வினைபுரியும்போது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றக் கண்டு, அவற்றைப் பகுத்தாராய்ந்தார். நிலையற்றவை எனக் கருதப்பட்ட நைட்ரைட்டுகள் பலவற்றைத் தூய்மையாகப் பெறலாம் என்பது அதன் வழியே தெளிவாயிற்று. ஒருவர் செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று அது. உதவிக்கு மாணாக்கர் தேவைப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சி உதவிச்சம்பளங்கள் ஏற்பட்டமையால், பட்டம் பெற்ற இளைஞர் சிலர் வக்கீல் தொழிலையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடாமல் ஆய்வுக்கூடத்திலேயே தங்க முடிந்தது. ஜதீந்திரநாத் சென், பஞ்சானன் நியோகி ஆகியோர் இவ்வாறு முதலில் வந்தவர்கள். முன்னவர் பின்னாளில் பூசாவிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். பின்னவர் ராஜ்ஷாஹியில் ஆசிரியரானார்.

ஈண்டு ஜிதேந்திரநாத் ரட்சித் என்பவரைத் தனியே குறிப்பிடல் வேண்டும். அவர் பி.எஸ்சி. தேர்வில் தேறாதவர். பல்கலைக் கழக முறைப்படி அவருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவு அடைபட்டதே. ஆயினும் கண்ணாடிக் கருவிகளைக் கையாள்வதில் அவருக்கிருந்த இயல்பான திறனைக் கண்ட ராய் அவரைச் சேர்த்துக்கொண்டார். அமீன் வகைகளின் நைட்ரைட்டுகளைப் பற்றி இருவர் பெயராலும் வெளிவந்த கட்டுரைகள் லண்டன் இரசாயனக் கழகத்தின் சஞ்சிகையில் இடம்பெற்றன. காஜிப்பூர் அரசாங்க அபினித் தொழிற்சாலையில் ரட்சித் பின்னர் இரசாயனப் பகுப்பாளராக அமர்ந்து, அபினியின் ஆல்கலாய்டுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தேர்வுத்தாள் அளக்கும் திறமை ஒன்று. ஆய்வு மேசை கேட்கும் திறமை வேறொன்று. இரண்டும் ஒருவரிடமே இருத்தல் கூடும். இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 

1909-ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்த மாணாக்கர் கூட்டம் வேறு வகையினது. 1904-ஆம் ஆண்டின் பல்கலைக் கழகச் சட்டத்தைத் தொடர்ந்து பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்னும் தனி விஞ்ஞானப் பட்டங்கள் கல்கத்தாவில் ஏற்பட்டன. அதற்கு முன்னர் இரசாயனத்தில் மேற்படிப்பு முடித்தவரும் எம்.ஏ. பட்டமே பெற்றனர். 1911-இல் முதலிடம் பெற்றுத் தேறிய பிரியதாரஞ்சன் ராய் இரசாயன எம்.ஏ.; 1913-இல் தேறிய நீலரத்தன் தர் எம்.எஸ்சி. பெயர் மாற்றம் மட்டுமன்று இது. செய்முறைப் பயிற்சிக்குப் புதிய பாடத்திட்டத்தில் உரிய இடம் கிடைத்தது.

நீலரத்தன் தர் 1892-இல் ஜெஸ்ஸூரில் பிறந்தவர். ரிப்பன் கல்லூரியில் இடைநிலைப் படிப்பை முடித்துப் பிரசிடென்சிக்கு வந்தவர். அவர் விரும்பியது தம் ஆசிரியர் கற்பித்த கனிம இரசாயனத்தை அன்று, பௌதிக இரசாயனத்தை. ராய் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்ற 1887-ஆம் ஆண்டிலேதான் அர்ரீனியஸின் அயனிக் கொள்கை உருப்பெற்றது. அத்துறைக்கென முதற் சஞ்சிகை ஜெர்மனியில் தோன்றியதும் அவ்வாண்டே. ஆகவே அது ஆசிரியர் முறையாகக் கற்காத பாடம். மாணவர் நூல்களையும் சஞ்சிகைகளையும் துணையாகக் கொண்டு தாமே அதைக் கற்றார். அம்மோனியம் நைட்ரைட்டின் ஆவியடர்த்தியை அளந்து, ராய், தர், தின்கௌரி தே ஆகிய மூவரும் 1912-இல் வெளியிட்ட கட்டுரையில் இரு துறைகளும் கைகோத்து நிற்பதைக் காணலாம். பொருள் ஆசிரியருடையது, அளக்கும் முறை புதிய துறையினது. தமக்கு அயலான துறையில் மாணவர் செல்வதைத் தடுக்காத பெருந்தன்மையே ராயின் ஆசிரியத் தொழிலில் தலைசிறந்த குணம் எனலாம்.

தரைப் பின்பற்றி அதே துறையில் இறங்கிய இருவர், ஞான சந்திர கோஷும் ஞானேந்திரநாத் முகர்ஜியும். இருவரும் 1915-இல் எம்.எஸ்சி. தேறியவர்கள். மேகநாத சாகா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகிய இருவரும் அவர்களுடைய சமகால மாணவர்கள். கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் ஒரே கூரையின்கீழ், ஒரே நண்பர் கூட்டத்தினிடையே பயிலப்பட்டதன் விளைவு கோஷின் ஆய்வில் வெளிப்பட்டது. சாதாரண உப்புப் போன்ற வலிமிக்க மின்பகுபொருள்கள் நீரில் முற்றும் அயனிகளாகப் பிரிந்தே உள்ளன என்றும், எதிரெதிர் மின்னூட்டங்களின் கவர்ச்சியே அவற்றின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றும் கொண்டு, அவர் 1918-இல் ஒரு கணிதக் கொள்கையை வெளியிட்டார். கரைசலில் அயனிகள் படிகத்திற்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்ற அவரது அனுமானம் நிலைக்கவில்லை. 1923-இல் டிபையும் ஹியூக்கலும் வகுத்த கொள்கை அதன் இடத்தைப் பெற்றது. எனினும் முழுப்பிரிகையை முதற்கோளாகக் கொண்டு எழுந்த தொடக்க முயற்சிகளில் கோஷினது சிறப்பான இடம் பெற்றுள்ளது.

இங்குக் கவனிக்கத்தக்கது அவ்வாய்வு செய்யப்பட்ட இடம். முதல் உலகப் போர் நடந்த அவ்வாண்டுகளில், பௌதிக இரசாயனத்தின் தாயகமாகிய ஜெர்மனிக்குச் செல்லும் வழி அடைபட்டிருந்தது. 1914-இல் அசுதோஷ் முகர்ஜி அடிக்கல் நாட்டிய பல்கலைக் கழக விஞ்ஞானக் கல்லூரி, தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய இரு வழக்கறிஞர்களின் கொடையால் எழுந்தது. அதன் கொடைப் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியவை என்பது கொடையாளர் விதித்த நிபந்தனை. 1916-இல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்ற ராய், அங்கே பாலித் இரசாயனப் பேராசிரியரானார். எம்.எஸ்சி. தேர்வு முடிந்த சூட்டோடே கோஷும் முகர்ஜியும் அக்கல்லூரியின் ஆசிரியர்களாயினர். கோஷ் தம் டி.எஸ்சி. பட்டத்தைக் கல்கத்தாவிலேயே பெற்று, அதன் பின்னரே 1919-இல் கடல் கடந்தார். பட்டம் தேடிச் சென்றவரல்லர். முடித்த வேலையைப் பிறர்முன் வைத்து வாதிக்கச் சென்றவர். ராயின் தலைமுறைக்கும் இத்தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

லண்டனில் பல்கலைக் கழகக் கல்லூரியின் டானன் ஆய்வுக்கூடத்தில் இருவரும் பணியாற்றினர். முகர்ஜி கூழ்மத் துகள்களின் மின்னூட்டம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை விளக்கி ஐரோப்பிய அறிஞரிடையே பெயர் பெற்றார். லாகூரிலிருந்து வந்த சாந்தி சுவரூப் பட்நாகரும் அதே ஆய்வுக்கூடத்து மாணவர். இந்தியாவுக்கெனத் தனி இரசாயனக் கழகம் வேண்டும் என்று இம்மூவரும் அங்கே பேசிக்கொண்டது, 1924-இல் இந்திய இரசாயனக் கழகமாக உருப்பெற்றது. ராய் அதன் முதல் தலைவர். இதற்கிடையே தர் லண்டனிலும் பாரிசிலும் டாக்டர் பட்டங்களைப் பெற்று, 1919-இல் இந்தியக் கல்விப் பணியில் அலகாபாத் மூயர் மத்தியக் கல்லூரியில் அமர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆசிரியருக்கு மறுக்கப்பட்ட படி, மாணவருக்குக் கிடைத்தது.

கோஷ் 1921-இல் டாக்காப் பல்கலைக் கழகத்தின் பேராசிரியராகவும், 1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராகவும், பின்னர் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் டைரக்டராகவும் விளங்கி, 1959-இல் காலமானார். முகர்ஜி கூழ்மங்களினின்று களிமண்ணுக்கும், களிமண்ணினின்று மண் விஞ்ஞானத்துக்கும் சென்று, 1945-இல் டில்லி விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையை ஏற்றார். தரும் ஒளிவேதி வினைகளில் தொடங்கி மண்ணின் நைட்ரஜனில் முடிந்தவரே. பௌதிக இரசாயனம் பயின்ற இருவர் வயல் மண்ணை வந்தடைந்தது தற்செயல் அன்று. விவசாய நாட்டில் கருவிகள் குறைந்த ஆய்வுக்கூடத்துக்கு எளிதில் எட்டும் பொருள் மண்தான்.

கனிம இரசாயனத்தைக் கைவிடாதவர் பிரியதாரஞ்சன் ராய். ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த பின்னரும், சில ஆண்டுகள் சிட்டி கல்லூரியில் கற்பித்துவிட்டு, 1919-இல் விஞ்ஞானக் கல்லூரிக்கு வந்தார். நுண்பகுப்பிலும் அணைவுச் சேர்மங்களிலும் அவர் செய்த வேலை பெரும்பாலும் கல்கத்தாவிலேயே நடந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எப்ராயிமிடம் பணியாற்றச் சென்றபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஆசிரியரின் இந்து இரசாயன வரலாற்றை உட்கொண்டு விரிவாக்கி, 1956-இல் பதிப்பித்தவரும் அவரே. புலின் பிகாரி சர்க்கார் பாரிசில் யுர்பேனிடம் அருமண் தனிமங்களை ஆராய்ந்து திரும்பினார்.

குழுவிலிருந்து தெற்கே வந்த கிளை ஒன்றும் உண்டு. ராயின் மாணவராகிய விமான் பிகாரி தே, லண்டன் டி.எஸ்சி. பட்டம் பெற்றுச் சென்னைப் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். குளித்தலையில் பிறந்து அக்கல்லூரியில் பயின்ற தி. ரா. சேஷாத்திரி அவரிடமே கூமாரின் ஆய்வைத் தொடங்கி, 1927-இல் மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் சென்றார். பின்னர் ஆந்திரப் பல்கலைக் கழகத்திலும், 1949 முதல் டில்லிப் பல்கலைக் கழகத்திலும் தமக்கெனப் பெரிய குழுக்களை அமைத்தார். தி. ரா. கோவிந்தாச்சாரியும் தேயிடம் பயின்றவரே.

1921-இல் அறுபது வயது நிறைந்தபோது, ராய் தம் பல்கலைக் கழக ஊதியம் முழுவதையும் இரசாயனப் பகுதிக்கே விட்டுக்கொடுத்தார்; 1936-இல் ஓய்வு பெற்ற பின்னும் கல்லூரியின் அறை ஒன்றிலேயே வாழ்ந்து, 1944-இல் மறைந்தார். அதே 1944-இல் அதே கல்லூரியில் அசீமா சாட்டர்ஜி டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக் கழகம் ஒன்றில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவர் பிரசிடென்சியிலிருந்து வந்தவரல்லர். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இரசாயனத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்று 1936-இல் தேறியவர். 1940-இல் லேடி பிரபோர்ன் மகளிர் கல்லூரியில் இரசாயனப் பகுதியைத் தொடங்கி நடத்திக்கொண்டே தம் ஆய்வை முடித்தார். அமெரிக்காவுக்கும் சூரிக்கில் காரரின் கூடத்துக்கும் அவர் சென்றது பட்டம் பெற்ற பின்னரே. 1921-இல் முகர்ஜியும், 1937-இல் பிரியதாரஞ்சனும் ஏற்ற கைரா பேராசிரியர் பதவியை அவர் 1962-இல் ஏற்று, 1982 வரை வகித்தார்.