சொல் ஒன்று, பொருள் பல

தமிழில் ஒரு சொல்லே பல பொருள்களை உணர்த்துதல் உண்டு. அத்தகைய சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்பர் இலக்கண நூலார். 'மாலை' என்பது பூந்தொடையலையும் குறிக்கும், அந்திப்பொழுதையும் குறிக்கும். 'திங்கள்' என்பது நிலவையும், மாதத்தையும், வாரத்தில் ஒரு நாளையும் உணர்த்தும். இவற்றைத் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குக் கற்பித்தல் எவ்வாறு? மாணவர்களே, உங்களுள் பலர்க்குத் தம்பி தங்கையர் இருப்பர். சிலர் நாளை ஆசிரியராகவும் விளங்குவீர்கள். ஆதலின் இவ்வினா உங்களுக்கும் உரியதே.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்வித்தனர். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் இத்தகைய சொற்களையே கூறுவது. எதுகை நோக்கி அடுக்கிய விருத்தப் பாக்களாதலின் அது நாவில் எளிதில் நின்றது. மனனம் செய்தலை யான் பழிப்பவன் அல்லேன். அச்சுநூல் அரிதாயிருந்த நாளில் நினைவே நூலகமாய் இருந்தது. ஆயினும், எட்டு வயதுக் குழந்தையை நிறுத்தி, "கால் என்பது உறுப்பு, காற்று, வாய்க்கால், நாலில் ஒரு பங்கு" என்று ஒப்புவிக்கச் செய்தல் முறையன்று. பட்டியல் மட்டும் அறிந்த குழந்தை, எவ்விடத்தில் எப்பொருள் கொள்வது என்று அறியாமல் திகைக்கும். முதலில் தொடர், பின்னரே பட்டியல்.

தொல்காப்பியர் இதற்கு வழி வகுத்துள்ளார். வினை, இனம், சார்பு என்னும் மூன்றால் பொருள் தெளியும் என்பது அவர் கருத்து. 'மாலை வாடியது' என்றால் வாடுதலாகிய வினை பூந்தொடையலைக் காட்டிக் கொடுக்கிறது. 'காலையும் மாலையும் உலாவினான்' என்றால் காலை என்னும் இனம் பொழுதைக் காட்டுகிறது. பூக்கடை முன் நின்று 'மாலை வேண்டும்' என்றால், நிற்கும் இடமும் அமயமும் ஆகிய சார்பே போதும். பொழுதை விலைக்குக் கேட்கிறான் என்று கடைக்காரர் எண்ணமாட்டார்.

இம்மூன்றின் பெயர்களைச் சிறுவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மூன்றாம் வகுப்பில் ஒருமுறை, 'மாலையில் மாலை தொடுத்தாள்' என்று கரும்பலகையில் எழுதி, எது பூ, எது பொழுது என்று கேட்டேன். ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, பின்னாலே இருப்பதுதான் பூ. அதைத்தானே தொடுக்க முடியும்?" என்றாள். வினையால் பொருள் தெளிதல் என்பதை அவள் எந்த நூற்பாவும் கல்லாமலே கண்டுகொண்டாள்.

சில சொற்களில் வேற்றுமை உருபு ஏற்கும்பொழுதே பொருள் வெளிப்படும். 'ஆறு' என்பது நீர் ஓடும் ஆறாயின் 'ஆற்றில்' என்று றகரம் இரட்டிக்கும். எண்ணாயின் 'ஆறில் ஒரு பங்கு' என்று இரட்டாது நிற்கும். 'ஆற்றில் குளித்தான்' என்பதையும் 'ஆறில் இரண்டைக் கழித்தான்' என்பதையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், சிறுவர் தாமே வேறுபாட்டைக் கண்டு மகிழ்வர்.

ஒரு சொல்லின் பொருள்கள் யாவும் தம்முள் உறவுடையனவோ எனின், சில உறவுடையன; சில அல்ல. முழுநிலவு முதல் மறு முழுநிலவு வரை ஏறத்தாழ 29½ நாள். அவ்வளவையால் மாதத்தை எண்ணினமையின் மாதமும் திங்கள் ஆயிற்று. நிலவுக்கு உரிய கிழமையும் திங்கள் ஆயிற்று. நாற்கால் விலங்கின் கால் ஒன்று நாலில் ஒரு பங்காதலை நோக்கினால், 'கால்' என்னும் அளவுப்பெயரும் விளங்கும். வடமொழியிலும் பாதம் என்னும் சொல் அடியையும் நாலில் ஒரு பங்கையும் உணர்த்துதல் காண்க. நீர் செல்லும் ஆறும், நெறி என்னும் பொருளில் வரும் ஆறும் ஒட்டியனவே. ஆனால் எண்ணாகிய ஆறு இவற்றொடு சேராது. ஓசையால் மட்டும் ஒத்தது. உறவுடைய பொருள்களைக் கதைபோலச் சொல்லிக் கொடுத்தால் குழந்தை மறவாது. உறவில்லாதவற்றுக்குக் கதை கட்டுதல் ஆசிரியர்க்கு அழகன்று.

இனி, வினையாலும் தெளியாத இடம் ஒன்று உண்டு. 'மாலை வந்தது.' பொழுது வந்ததோ, பூ வந்ததோ? இரண்டும் வருவனவே. இத்தகைய இடத்தில், கூறுவோன் தான் கருதிய பொருளை விளங்க எடுத்துரைக்க வேண்டும் என்று தொல்காப்பியர் அச்சுமையைக் கேட்போன்மேல் வையாது சொல்வோன்மேல் வைக்கிறார். உரையாசிரியர்கள் இதற்கு 'மா வீழ்ந்தது' என்பதைக் காட்டுவர். மரமும் வீழும், விலங்கும் வீழும்.

அந்த 'மா' நில அளவையும் குறிக்கும். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. இருபது மா ஒரு வேலி. தந்தை ஒருவர், 'கிழக்குத் தோட்டத்துப் பத்து மாவும் இளையவனுக்கு' என்று எழுதி வைத்து இறந்தார் என்று கொள்க. மூத்தவன் பத்து மாமரம் என்பான். இளையவன் பத்து மா நிலம் என்பான். இருவரும் தமிழ் அறிந்தவரே. இருவர் உரையும் பொருந்துவதே. உடன்பிறந்தார் இருவர் வழக்குமன்றம் ஏறுவர்.

வேண்டுமென்றே இருபொருள் தோன்றப் பாடுதல் புலவர்க்கு அணி; அதனைச் சிலேடை என்பர். காளமேகப் புலவர் அதில் வல்லவர். ஆனால் ஆவணம் எழுதுவோர் காளமேகம் ஆதல் கூடாது. 'பத்து மா அளவுள்ள நிலம்' என்றோ, 'மாமரங்கள் பத்து' என்றோ அத்தந்தை ஒரு சொல்லைக் கூட்டி எழுதியிருந்தால் வழக்கு எழுந்திராது.