ஓதம் எங்கிருந்து வருகிறது?

சுவரில் தங்கும் ஈரத்தை ஓதம் என்பது தமிழ் வழக்கு. வண்ணப்பூச்சு உப்பி உதிர்வதும், வெண்ணிற உப்புப் பூப்பதும், பூஞ்சை மணம் வீசுவதும் அதன் அறிகுறிகள். செங்கல்லிலும் சாந்திலும் நுண்துளைகள் உள்ளன. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அவை நீரை உறிஞ்சிப் பரப்புகின்றன. ஆதலால் கறை தோன்றும் இடமே நீர் கசியும் இடம் எனக் கொள்ளுதல் கூடாது.

மைசூரில் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கருதுவோம். தை மாதத்தில், குளியலறையை அடுத்த படுக்கையறைச் சுவரில் ஓதம் கண்டது. "நீங்கள் நீரை வாரி இறைக்கிறீர்கள். செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்வேன்" என்றார் வீட்டு உரிமையாளர். "சுவருக்குள் குழாய் உடைந்திருக்கிறது" என்றார் தந்தை. அவருக்குக் கன்னடம் சரளமாக வாராது. எட்டாம் வகுப்புப் பயிலும் மகளே இடைநின்று மொழிபெயர்த்தாள். பின்னர், "ஐயா, தாங்கள் கூறுவதும் ஊகம், அப்பா கூறுவதும் ஊகம். சுவரை இடிக்குமுன் சோதித்துப் பார்க்கலாமா?" என்று கன்னடத்தில் கேட்டாள். உரிமையாளர் இசைந்தார்.

முதலில் பொருந்தாத காரணங்களை அவள் விலக்கினாள். அது மழையற்ற காலம். ஆகவே மழைநீர் காரணமன்று. வீடு மாடியில் உள்ளது. ஆகவே தரையிலிருந்து ஏறும் நிலத்தடி ஈரமும் அன்று. அடுத்து, ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டினாள். ஒரு நாள் கழித்துப் பிரித்தபோது, அறையை நோக்கிய பக்கம் உலர்ந்தும் சுவரை நோக்கிய பக்கம் நனைந்தும் இருந்தன. காற்றின் ஈரம் குளிர்ந்து படியவில்லை. சுவருக்குள்ளிருந்தே ஈரம் வருகிறது எனத் தெளிந்தாள்.

பின்பு கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, நாளையும் குறித்தாள். முதல் இரவு, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தை அடையாளமிட்டனர். காலையில் மட்டம் இறங்கவில்லை. எனவே நீர் வழங்கும் குழாயில் பழுதில்லை. இரண்டாம் இரவு, தரையின் நீர்ப்போக்கியைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்திற்கு நீர் தேக்கினர். காலையில் தேங்கிய நீர் வெகுவாகக் குறைந்திருந்தது. கறையும் பென்சில் கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தது. தரையும் சுவரும் கூடும் மூலையில், ஓடுகளின் இடையிலிருந்த வெள்ளைச் சிமெண்ட் பெயர்ந்திருந்தது!

குடியிருப்போர் மீதும் குற்றமில்லை, குழாயும் உடையவில்லை. உரிமையாளர் தம் செலவிலேயே அவ்விடைவெளிகளைச் சுரண்டி நீர்புகாக் கலவையால் அடைப்பித்தார். சுவரை இடிக்கும் செலவும் மிஞ்சியது; உறவும் கெடவில்லை. சுவர் முற்றும் உலர்ந்த பின்னரே வண்ணம் பூசினர். காரணத்தைக் களையாமல் பூசிய வண்ணம் மீண்டும் உதிரும். நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்யவேண்டும் எனத் திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறுவது சுவருக்கும் பொருந்துமன்றோ?

எச்சரிக்கை: ஓதமுள்ள சுவரில் மின்விசைப்பொறி இருப்பின் அதைத் தொடாதீர்கள். உடனே பெரியோரிடம் கூறுங்கள்.

சொல் அறிவோம்

ஓதம் – ஈரம். கடல் அலை என்றும் பொருள்.
ஊகம் – சான்றின்றிக் கருதுவது.
குழாய் – கன்னடத்தில் 'நல்லி'. இங்குள்ள தமிழர் பலர் வீட்டில் வழங்குவதும் இச்சொல்லே.

பயிற்சி

1. தொட்டியின் நீர்மட்டம் இறங்கியிருந்தால் எம்முடிவுக்கு வந்திருப்பர்?
2. கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்தது ஏன்?
3. பிரித்து எழுதுக: நுண்துளை, நீர்மட்டம், முன்பணம்.
4. உம் வீட்டில் நேர்ந்த ஒரு பழுதையும், அதன் காரணத்தை அறிந்த முறையையும் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.