தெளிந்ததெல்லாம் நன்னீரா?

நுழையும்முன்

குழாயில் வரும் நீரைக் கண்ணால் பார்த்தும் நாவால் சுவைத்தும் நல்லது, கெட்டது எனத் தீர்ப்பளித்துவிடுகிறோம். தெளிவு, மென்மை, தூய்மை ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதுவதே இதற்குக் காரணம். தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பில் மலையிறங்கும் நீரின் வழியே இம்மூன்றையும் பிரித்தறியத் துணைசெய்கிறது இப்பாடம்.

மலையிறங்கும் நீர்

கூடலூரிலிருந்து குமுளிக்குச் செல்லும் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது லோயர் கேம்ப். மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புவதற்காக, பொறியாளர் ஜான் பென்னிகுவிக் முயற்சியால் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் நீர், பெருங்குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்னாற்றலைத் தருகிறது. பின்னர் ஆறாகப் பாய்ந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகிய ஊர்களைக் கடந்து வைகையில் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் இந்நீரை நம்பியே உள்ளன.

மழைநீர் ஏறத்தாழ உப்பற்றது. காட்டில் பெய்து, அணையில் தேங்கி, விரைந்து இறங்கும் இந்நீருக்குப் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொள்ளப் போதிய காலமில்லை. ஆகவே, இது மென்னீராக இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணற்று நீரின் இயல்பு வேறு. மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், மெல்லிய அமிலத் தன்மை பெறுகிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்தெடுக்கிறது. இவ்வாறு உருவாவதே கடின நீர்.

அடுப்படி அறிந்த அறிவியல்

வேதியியல் நூல்களைக் கல்லாத நம் பாட்டிமார், ‘இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது’ என்று சொல்லிவிடுவர். அதில் உண்மையுண்டு. கடின நீரிலுள்ள கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் பொருளோடு பிணைந்து அதனை இறுக்கிவிடுகிறது. அதனால் பருப்பு குழைவதில்லை. சோப்பு நுரைக்காமல் வெண்திரியாகப் படிவதற்கும் இவ்வுப்புகளே காரணம். சோப்பு முதலில் கால்சியத்தோடு வினைபுரிந்து வீணாகிறது. எஞ்சியதே அழுக்கை நீக்கப் பயன்படுகிறது.

கடினத்தன்மை இருவகைப்படும். பைகார்பனேட் உப்புகளால் வருவது தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்கவைத்தால் இவ்வுப்புகள் கார்பனேட்டாக மாறிப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவாகத் தங்கிவிடும். சல்பேட், குளோரைடு உப்புகளால் வருவது நிரந்தரக் கடினத்தன்மை. கொதிக்கவைப்பதால் இது நீங்காது.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 : 2012 தரக்குறிப்பின்படி, குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. இவ்வளவுகள் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்படுபவை. 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் முதல் அளவு 3 கிராம். இரண்டாவது 9 கிராம்.

மூன்று வினாக்கள்

நீரைச் சோதிக்கும்போது மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்ப வேண்டும். கலங்கியிருக்கிறதா? கடினமாயிருக்கிறதா? கிருமிகள் உள்ளனவா?

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் முறையைத் தமிழர் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். இல்ல மரத்தின் விதையால் கலங்கல் நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாக ஆண்டுள்ளது. தேற்றாங்கொட்டை என இன்று நாம் வழங்குவது அவ்விதையையே. படிகாரமும் இதே பணியைச் செய்கிறது. ஆனால், இவை இரண்டும் நீரிலுள்ள கடின உப்புகளை நீக்குவதில்லை. கிருமிகள் முழுமையாக நீங்கிவிட்டன என்ற உறுதியையும் தருவதில்லை.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். ஆனால், நிரந்தரக் கடினத்தன்மை அப்படியே இருக்கும். நகராட்சிகள் குளோரின் கலப்பது கிருமிகளை அழிப்பதற்கே. அதனால் நீர் மென்மையாகிவிடுவதில்லை. ஒரு குறைக்கு உரிய மருந்து மற்றொரு குறையைத் தீர்க்காது.

மலையிலிருந்து வரும் மென்னீர் நாவுக்கு இனிமையாக இருக்கும். சோப்பும் எளிதில் நுரைக்கும். எனினும், திறந்தவெளியில் ஓடிவரும் அந்நீரில் மழைக்காலத்தில் சேறும், எக்காலத்தும் நோய்க்கிருமிகளும் கலக்கக்கூடும். மாறாக, சுவை குறைந்த கடின நீர், பிற மாசுகள் இல்லாதவிடத்து, உடலுக்குத் தீங்கானதன்று. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்கு வேண்டிய தாதுக்களே. கடினத்தன்மைக்கென உடல்நல அடிப்படையிலான வரம்பு எதையும் உலக நலவாழ்வு நிறுவனம் விதிக்கவில்லை. மென்னீர் என்பதனாலேயே அது பாதுகாப்பானதாகிவிடாது. கடின நீர் என்பதனாலேயே அது நஞ்சாகிவிடாது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் இழப்பும் நேர்கிறது. குழாய்நீரின் தன்மையைச் சோதிக்காமலேயே எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளைப் பலர் வாங்குகின்றனர். உப்பு மிகுந்த இடங்களில் அவை பயன்தருபவை. மென்னீர் கிடைக்கும் ஊரில் அவை, இருக்கும் சிறிதளவு தாதுக்களையும் நீக்கிவிடுகின்றன. வீட்டுக் கருவிகள் பலவற்றில் உள்ளே செல்லும் நீரின் பெரும்பகுதி கழிவாக வெளியேறுகிறது. அங்குத் தேவைப்படுவது வடிகட்டுதலும் கொதிக்கவைத்தலும் மட்டுமே.

ஆற்றின் பொறுப்பும் நம் பொறுப்பும்

லோயர் கேம்ப்பில் இறங்கும் நீர், வைகையைச் சேரும்வரை அதே தன்மையோடு இருப்பதில்லை. ஊர்களின் கழிவுநீரும், வயல்களில் இட்ட உரங்களின் எச்சமும் வழியில் அதனோடு கலக்கின்றன. இம்மாற்றத்திற்குக் காரணம் பாறையன்று, மனிதரே.

மதுரை மாநகருக்கு நாள்தோறும் 12.5 கோடி லிட்டர் நீரை லோயர் கேம்ப்பிலிருந்து குழாய்வழியே கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டபோது, கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆற்றில் ஓடும் நீர் வயல்களையும் கிணறுகளையும் வளப்படுத்திச் செல்லும். குழாயில் செல்லும் நீர் அவ்வாறு செய்யாது என்பது அவர்தம் கவலை. வைகை அணையிலிருந்து நீரெடுக்கலாம் என்றும் அவர்கள் வலியுறுத்தினர். மறுபுறம், நல்ல குடிநீர் பெறுவது நகர மக்களின் உரிமை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

இத்தகைய சிக்கல்களுக்கு எளிய விடையில்லை. ஆயினும் ஒன்றைத் தெளிவாகக் கூறலாம். மலையடிவாரத்தில் கிடைக்கும் நீரின் தூய்மை, ஆறு செல்லும் வழியெங்கும் காக்கப்படுமானால், தூய நீரைத் தேடி ஆற்றின் தலைப்பகுதிவரை செல்லவேண்டிய தேவை குறையும். மேலே இருப்பவர் ஆற்றில் விடுவதையே கீழே இருப்பவர் பருகுகிறார். நீரை அறிந்து பருகுவது அறிவு. அடுத்த ஊருக்கும் அது நன்னீராகச் சேரவேண்டும் என எண்ணுவதே பண்பு.

கற்பவை கற்றபின்

1. குழாய்நீர், கிணற்றுநீர், மழைநீர் ஆகியவற்றை ஒரே அளவில் மூன்று புட்டிகளில் எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலை இட்டுக் குலுக்கி, நுரையின் உயரத்தை அளந்து அட்டவணைப்படுத்துக. (சலவைத்தூள் கடின நீரிலும் நுரைக்கும், எனவே அதனைப் பயன்படுத்தற்க.)

2. உங்கள் ஊரின் குடிநீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எவ்வாறு தூய்மை செய்யப்படுகிறது என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.

3. ‘ஆற்றின் தலைப்பகுதியில் நகரங்களுக்குக் குடிநீர் எடுக்கலாமா?’ என்னும் தலைப்பில், உழவர் தரப்பிலும் நகர மக்கள் தரப்பிலும் நின்று வகுப்பறையில் உரையாடுக.