கடைசி பஸ்ஸும் இரண்டாம் பாதியும்

கேள்வி: மேடம், நான் பாரூர்க்காரன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. போன ஞாயிற்றுக்கிழமை மனைவி, அம்மா, ஒன்பது வயது மகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குச் சாயங்காலக் காட்சிக்குப் போனேன். டிக்கெட் தலைக்கு 130, ஆக 520 ரூபாய். அரை மணி நேரத்திலேயே படம் சலித்துவிட்டது. வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று எழுந்தால் கதவு பூட்டியிருந்தது. ‘இன்டர்வலுக்குத்தான் திறப்போம்’ என்றார் வாட்ச்மேன். இடைவேளையில் ‘கிளம்பலாம்’ என்றேன். ‘காசு கொடுத்துட்டு யாராவது பாதியில எழுந்து போவாங்களா?’ என்றாள் மனைவி. உட்கார்ந்தோம். படம் முடிந்து வெளியே வந்தால் கடைசி டவுன் பஸ் போய்விட்டது. ஆட்டோவுக்கு 600 ரூபாய். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. யார் சொன்னது சரி? பிடிக்காத படத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், பாரூர்

பதில்: கணக்கை நீங்களே எழுதிவிட்டீர்கள். 520 ரூபாயைக் காப்பாற்ற உட்கார்ந்தீர்கள். 600 ரூபாய் கூடுதலாகப் போனது. முதல் 520ம் திரும்பி வரவில்லை. நீங்கள் இடைவேளையில் கிளம்பியிருந்தாலும் அது திரும்பியிருக்காது. கவுண்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோதே அந்தப் பணத்தின் கதை முடிந்துவிட்டது. இடைவேளையில் உங்கள் கையில் மிச்சமிருந்தது ஒன்றரை மணி நேரமும், ஒரு பஸ்ஸும், அடுத்த நாள் வேலைக்கு முந்திய தூக்கமும்தான்.

உங்கள் மாவட்டத்தில் தண்ணீருக்குப் போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் சித்தப்பா நிலத்தில் ஒரு ராத்திரி முழுக்க நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். போர் வண்டியின் சத்தத்தில் பேசுவதே கேட்காது. குழாய் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, குழிவாயிலிருந்து கல் மாவு வெள்ளையாகப் புகைந்து வரும். எல்லோருடைய கண்ணும் அந்த மாவின்மேல்தான். கொஞ்சம் நிறம் மாறினாலும், ஈரம் தட்டினாலும் ஆளுக்கு ஆள் குனிந்து கையில் அள்ளிப் பிசைந்து பார்ப்பார்கள். 700 அடி வந்தது, மாவு காய்ந்தே வந்தது. போர்க்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, ‘என்ன பண்ணலாம்?’ என்று கேட்டார். ‘இவ்வளவு தூரம் போயாச்சு, இப்ப நிறுத்தினா போட்டதெல்லாம் வீணாப்போயிடும். இன்னும் நூறு அடி போடு’ என்றார் சித்தப்பா. 800 ஆனது. அப்போதும் அதே பதில். ஆழம் கூடக் கூட அடிக்கான கூலியும் கூடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. 1,000 அடியில் நிறுத்தியபோது விடிந்திருந்தது. அப்போதும் மாவுதான்.

அவர் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்குக் கீழே தண்ணீர் இருக்க வாய்ப்புண்டா, அடுத்த நூறு அடிக்கு ஆகும் செலவுக்கு அது தகுமா? மேலே தோண்டிய 700 அடிக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை. பொருளாதாரத்தில் இப்படித் திரும்பி வராத செலவுக்கு ‘மூழ்கிய செலவு’ என்று பெயர். சீட்டாட்டத்தில் ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று விடிய விடிய உட்காருபவரைப் பிடித்திருப்பதும் இதுதான்.

படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு சோதனை செய்தார்கள். 1985இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பருவம் முழுவதற்குமான டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 13 டாலருக்கும், சிலருக்கு 8 டாலருக்கும் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் மாதிரிதான். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனாலும் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகத்தின் தரமா அவர்களை இழுத்து வந்தது? கொடுத்த காசுதான் இழுத்து வந்தது.

ஆகவே உங்கள் மனைவியைத் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள். அவர் சொன்னது கோடிக்கணக்கான பேர் சொல்வது. அதற்குப் பின்னால் ஒரு நல்ல பழக்கமும் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் வீட்டில் ‘வீணாக்காதே’ என்பது தாய்ப்பாலோடு வருகிற பாடம். தட்டில் போட்ட சோற்றை மிச்சம் வைக்கக் கூடாது என்று நம்மை வளர்த்தார்கள். அந்தச் சோறு வயிற்றுக்குப் போனால் பசி ஆறும். அதில் அர்த்தம் உண்டு. வயிறு நிறைந்த பிறகும் இலையில் இருக்கிறதே என்று திணித்தால் ராத்திரி முழுக்க அவதி. சோறு வீணானது வீணானதுதான், கூடவே உடம்பும் கெடும். உங்கள் ஞாயிற்றுக்கிழமையின் இரண்டாம் பாதி அப்படி ஆகிவிட்டது.

போனதைப் போனதென்று விடத் தெரிந்தவர்களும் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காயின் விலை அடியோடு சரிந்தபோது, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டாது என்று கிருஷ்ணகிரி விவசாயிகள் பலர் காயை மரத்திலேயே விட்டார்கள். மருந்தடித்து, காவல் காத்து, ஒரு வருஷம் உழைத்த காய். மனசு எப்படி வலித்திருக்கும்! ஆனாலும் அந்த உழைப்பைக் காரணம் காட்டி இன்னொரு நஷ்டத்தை அவர்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. சினிமாக் கொட்டகையில் எழுந்திருக்க அந்தத் துணிச்சலில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

அடுத்த முறை இடைவேளையில், டீ குடிக்கும்போது, வீட்டில் எல்லோருமாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘நாம் இப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். ஒருவர் வந்து, இந்தப் படத்தின் இரண்டாம் பாதிக்கு மட்டும் ஓசி டிக்கெட் தருகிறேன் என்கிறார். பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே போவோமா?’ போவோம் என்றால் தாராளமாக உட்காருங்கள். ஓசியாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றால், காசு கொடுத்ததற்காக மட்டும் உட்காராதீர்கள்.

உட்காருவதற்கு நல்ல காரணங்களும் உண்டு. உங்கள் மகளுக்குக் கதை என்ன ஆகும் என்று தெரிய வேண்டியிருந்தால் அது நல்ல காரணம். படம் மோசமாக இருந்தாலும் நாலு பேரும் ஒன்றாக இருக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் உங்கள் மனைவி காத்திருந்தார் என்றால் அதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆறு நாள் ஷிப்ட் பார்க்கிற மனிதரின் ஏழாவது நாள் அது. உங்கள் மனைவி அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் ‘காசு’ என்று சொல்லியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒன்று. அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. வயதானவர்கள் ‘நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே’ என்பார்கள். அவருக்கு முதுகு வலித்ததா, அல்லது பல வருஷத்துக்குப் பிறகு பெரிய திரையைப் பார்க்கிற சந்தோஷமா? முதலில் அவரைக் கேளுங்கள். எல்லோரும் ஒன்றாகவே எழ வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. பஸ் இருக்கும்போதே ஒருவர் அம்மாவோடு கிளம்ப, மற்ற இருவர் பார்த்துவிட்டு வரலாம், திரும்ப வண்டி வசதி இருந்தால். மகளிடமும் சொல்லுங்கள்: பெரும்பாலான தமிழ்ப் படங்கள் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, மீதிக் கதை எங்கும் ஓடிப்போகாது.

பாதியில் எழுந்து வருவது படத்துக்கு அவமரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது அன்றைய உங்கள் மாலையைப் பற்றிய முடிவு, அவ்வளவுதான். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் எடுபடவில்லை. அதே படத்தைப் பின்னாளில் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்து நேசித்தவர்கள் எத்தனை பேர்! படமும் மாறவில்லை, அவர்களும் முட்டாள்களில்லை. ஒரு நேர்மை மட்டும் வேண்டும். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் யாராவது கேட்டால் ‘இடைவேளை வரைக்கும்தான் பார்த்தேன்’ என்று சொல்லுங்கள். பார்க்காத பாதிக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்றால், படம் பிடிக்கவில்லை என்பதற்காக முடியாது. 2016இல் வந்த ‘ஃபேன்’ என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று மகாராஷ்டிராவில் ஒரு பார்வையாளர் வழக்குப் போட்டார். நுகர்வோர் ஆணையங்கள் அவருக்கு இழப்பீடு தரச் சொல்லின. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. விளம்பர டிரெய்லர் ஒப்பந்தம் ஆகாது என்பது தீர்ப்பு. விளம்பரத்தில் வந்த பாட்டு காணாமல் போனதற்கே இதுதான் நிலை என்றால், சலிப்புக்கு வழக்கு நிற்காது.

ஆனால் வியாபாரத்தில் ஒரு வாசல் திறந்தது. 2024 டிசம்பரில் பிவிஆர் ஐநாக்ஸ் டெல்லி, குருகிராம் பக்கத் திரையரங்குகளில் ‘ஃபிளெக்ஸி ஷோ’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம் கூடக் கொடுக்க வேண்டும். படத்தில் முக்காலுக்கு மேல் மீதி இருக்கும்போது எழுந்து வந்தால் 60 சதவீதம் திரும்பக் கிடைக்கும். பாதிக்கு மேல் மீதி இருந்தால் 50, கால் முதல் பாதி வரை மீதி இருந்தால் 30. பார்க்காத நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று தியேட்டர்க்காரர்களே ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கடைசியாக, அந்தப் பூட்டிய கதவு. மற்ற எதைவிடவும் இதுதான் என்னைக் கலங்கடித்தது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து, பால்கனியிலிருந்து வெளியேற வழியில்லாமல் புகையில் சிக்கியவர்கள் உட்பட 59 பேர் இறந்தார்கள். உள்ளே ஆட்கள் இருக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இனி டிக்கெட் எடுத்து உள்ளே போனதும், எத்தனை கதவு, எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பூட்டியிருந்தால் வாட்ச்மேனோடு வாதாட வேண்டாம், மேனேஜரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அவரும் மறுத்தால், தியேட்டருக்கு உரிமம் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமை குறைதீர் நாளில் தேதி, காட்சி நேரம் குறிப்பிட்டு ஒரு மனு கொடுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஷிப்ட் இருந்தால், மனுவை எழுதிக் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்து அனுப்புங்கள்.