312 ரூபாயா, 573 ரூபாயா?

கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் புராஜெக்ட் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாராவது பட்ஜெட் போட்டுக்கொண்டு வந்தால், ஆட்களுக்கான மணிக்கணக்கு விகிதத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் ஒருவருக்கு மாதம் 50,000 என்று போட்டால், மாதத்துக்கு 20 நாள், நாளுக்கு 8 மணி என வைத்துக்கொண்டு மணிக்கு 312.50 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். வகுத்தலில் பிழையில்லை. ஆனால் கம்பெனிக்கு அந்த விலையில் ஆள் கட்டுப்படியாகாது.

நாங்கள் போடும் கணக்கு வேறு. அந்த 50,000-இல் அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் அதில் கம்பெனியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 3,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 1,200. வாடகை, கரண்ட், லேப்டாப், இன்சூரன்ஸ் என்று தலைக்கு ஒரு 12,000. ஆக, சம்பளத்தோடு சேர்த்து மாதம் 66,200, வருஷத்துக்கு 7,94,400. சனி ஞாயிறு 104, பண்டிகை விடுமுறை 12, சொந்த லீவு 18 கழித்தால் மிஞ்சுவது 231 நாள், அதாவது 1,848 மணி. மீட்டிங், பயிற்சி, அடுத்த வேலைக்காகக் காத்திருப்பது எல்லாம் போக முக்கால்வாசிதான் பில்லில் ஏறும்: 1,386 மணி. இப்போது வகுத்துப் பாருங்கள், 573 ரூபாய்!

அந்த ‘முக்கால்வாசி’யை ஊரார் சொல்லும் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் போன வருஷ டைம்ஷீட்டிலிருந்து எடுங்கள். விகிதத்தில் ஒருமுறை சேர்த்துவிட்ட மீட்டிங் நேரத்தை மறுபடி புராஜெக்ட் செலவில் ஏற்றினால் ஒரே செலவு இரண்டு தடவை விழும்.

30 சதவீத லாபம் வேண்டுமென்றால் 573-ஐ 1.3-ஆல் பெருக்குகிறவர்கள் அதிகம். 745 வரும், ஆனால் பில் தொகையில் லாபம் 23 சதவீதம்தான். 0.7-ஆல் வகுக்க வேண்டும்: 819.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் பில் விகிதத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஏ முதல் ஈ வரை ஐந்து விகித அட்டவணைகள் உண்டு; நாங்கள் ஏ-யில் செலவு, பி-யில் பில் என்று வைத்திருக்கிறோம். ஏப்ரலில் இன்கிரிமென்ட் வந்தால் பழைய எண்ணை அழிக்காமல், அமலுக்கு வரும் தேதியோடு அடுத்த வரியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மார்ச்சில் பாதி முடிந்த வேலைக்கும் புது விகிதம் ஏறிவிடும். ஓவர்டைம் விகிதத்தைப் பூஜ்யமாகவே விட்டால், ஓவர்டைம் என்று பதியும் மணிகளுக்குச் செலவே காட்டாது.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: தனித்தனி விகிதம் போட்ட ஃபைல் டீமுக்குள் சுற்றினால் யார் சம்பளம் என்ன என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஜூனியர், சீனியர், லீட் என்று நிலைவாரியாகச் சராசரி போடுங்கள். துல்லியம் கொஞ்சம் குறையும், சண்டையும் குறையும்.

18 சதவீத ஜி.எஸ்.டி.யை விகிதத்துக்குள் கலக்காதீர்கள். அது அரசாங்கத்துக்குப் போகிற பணம். கொட்டேஷனில் தனியாகக் காட்டுங்கள்.